ரயில் வந்த ஊரும் ரயிலுக்குக் காத்திருந்த ஊரும்

விருதுநகர் சந்திப்பில் தண்டவாளம் நாலு பக்கமும் பிரிகிறது. வடக்கே திருமங்கலம் வழியாக மதுரை, தெற்கே சாத்தூர் வழியாக மணியாச்சி, மேற்கே சிவகாசி வழியாகத் தென்காசி, கிழக்கே அருப்புக்கோட்டை வழியாக மானாமதுரை. வரைபடத்தில் பார்க்கிறவருக்கு ஒரே மூச்சில் போட்ட கூட்டல் குறி போலத் தெரியும். ஆனால் அந்தக் குறியைப் போட்டு முடிக்க 88 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. மதுரை – தூத்துக்குடிப் பாதை 1876இல் வந்தது. தென்காசிப் பாதை 1927இல்தான் வந்தது. அருப்புக்கோட்டைக்கு 1963இலும் அங்கிருந்து மானாமதுரைக்கு 1964இலும் ரயில் ஓடியது. இந்த இடைவெளிகளில்தான் விருதுநகர், சிவகாசி வட்டாரத்தின் வரலாறு இருக்கிறது என்பது என் கருத்து. ரயில் கிடைத்த ஊருக்கும் கிடைக்காத ஊருக்கும் நடுவே மாட்டு வண்டிகள் ஓடிய அந்த இருபது, இருபத்தைந்து கிலோமீட்டரைப் புரிந்துகொள்ள சைக்கிளைவிட நல்ல வாகனம் கிடையாது.

ரயிலுக்கு முந்தைய கரிசல் காட்டில் வியாபாரம் மாட்டின் கால் அளவுக்குத்தான் நடந்தது. பருத்தி, வத்தல், கருப்பட்டி, புகையிலை எல்லாம் பொதியாகவும் வண்டியாகவும் போயின. ஒரு நாள் வண்டிப் பயணத்துக்கு ஒரு பேட்டை இருந்தது. மாடுகளை அவிழ்த்துக் கட்ட இடம், தண்ணீர்க் கிணறு, சரக்கை இறக்கிவைக்கச் சுற்றுச்சுவருக்குள் பாதுகாப்பு, இவ்வளவுதான் பேட்டை. இப்படிப்பட்ட ஊர்களில் ஒன்றுதான் பின்னாளில் விருதுநகரான விருதுபட்டி. 1876இல் தென்னிந்திய ரயில்வே தன் மீட்டர் கேஜ் பாதையை இந்த ஊர் வழியாகத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கொண்டுபோனது. அதே ஆண்டில்தான் தாது வருஷப் பஞ்சமும் தொடங்கியது. மழையையே நம்பியிருந்த சீமையில் தானியமும் பணமும் எங்கே போய்ச் சேரும் என்பதை அதற்குப் பிறகு ரயில் நிலையம் தீர்மானித்தது. கிழக்கே அருப்புக்கோட்டைப் பக்கத்துச் சரக்கும் மேற்கே சிவகாசிப் பக்கத்துச் சரக்கும் தண்டவாளத்தைத் தொட வந்த இடங்களில் விருதுபட்டி முதன்மையானது. பருப்பு, வத்தல், மல்லி, எண்ணெய் ஆகியவற்றின் விலையை இன்றும் விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்று பத்திரிகைகள் போடுகின்றன. இவற்றில் பலவும் இந்த ஊர் மண்ணில் விளைந்தவையல்ல. விளையாத ஊர் விலை சொல்லுகிற ஊராக வளர்ந்ததற்கு முதல் காரணம் அந்த 1876ஆம் ஆண்டுப் பாதைதான்.

இதை மறுப்பவர்கள் உண்டு. விருதுநகரை வளர்த்தது ரயில் அல்ல, அவ்வூர் நாடார் வணிகர்களின் கட்டுக்கோப்பும் மகமையும்தான் என்பார்கள். சரக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று பொதுவுக்கு எடுத்துவைக்கும் அந்த மகமையும் வீட்டுக்கு வீடு எடுத்த பிடி அரிசியும் சேர்ந்து 1889இல் சத்திரிய வித்யாசாலையைத் தந்தன. காமராஜர் படித்த பள்ளி அது. இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது, நான் அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் மகமை விருதுபட்டிக்கு மட்டும் சொந்தமில்லையே? சிவகாசி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம் எல்லா ஊரிலும் அதே சமூகம், அதே பேட்டை, அதே மகமை. அப்படியிருக்க மொத்த வியாபாரம் ஏன் ஓர் ஊரில் குவிந்தது? ரயில் இருந்தால் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. சாத்தூருக்கும் திருமங்கலத்துக்கும் அதே நாளில் அதே ரயில் வந்தது. பாதையும் வேண்டும், பாதைக்கு இருபுறமும் ரயில் இல்லாத சுறுசுறுப்பான ஊர்களும் வேண்டும். விருதுபட்டிக்கு இரண்டும் வாய்த்தன. 1914இல் பாம்பன் பாலம் திறந்து, கொழும்புக்குப் போகும் போட் மெயில் தூத்துக்குடியை விட்டுத் தனுஷ்கோடிக்குத் திரும்பியபோதும் இந்த ஊர் தளரவில்லை. வழிப்போக்கர்களை நம்பிய ஊராக இருந்திருந்தால் தளர்ந்திருக்கும். 1923இல் நகரசபை ஊர்ப் பெயரை விருதுநகர் என்று மாற்றியது. பட்டி நகரானது வெறும் பெயர் ஆசையால் அல்ல, கையில் கணக்கு இருந்தது.

சிவகாசியின் கதை இதற்கு நேர்மாறானது. 51 ஆண்டுகள் அந்த ஊர் ரயில் சத்தத்தைத் தொலைவில்தான் கேட்டது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போனார்கள். அன்று சிவகாசியிலிருந்து ரயிலேற வேண்டுமென்றால் சாத்தூருக்கோ விருதுபட்டிக்கோ வண்டி கட்டிப் போயாக வேண்டும். அவர்கள் திரும்பி வந்து தொழில் தொடங்கி, ஊரில் தீப்பெட்டி ஆபீஸ்கள் பெருகத் தொடங்கிய பிறகுதான், 1927இல், தென்காசிப் பாதை வந்தது. இங்கே தொழில் முந்தி, தண்டவாளம் பிந்தி. தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டதால் அச்சு வந்தது. மருந்து கலக்கக் கற்ற கைகளால் 1940களில் பட்டாசு வளர்ந்தது. மழை குறைந்த, வறண்ட காற்று தீக்குச்சியை உலர்த்தியது. விவசாயம் பொய்த்த வீடுகள் வேலைக்கு ஆள் கொடுத்தன. காசியிலிருந்து தென்காசிக்குக் கொண்டுபோன லிங்கம் வழியில் நின்றுவிட்ட இடமே சிவகாசி என்பது தலபுராணம். லிங்கம் போக வேண்டிய அந்த மிச்ச வழியில்தான் இன்று ரயில் போகிறது. ஆனால் இந்த ஊரின் பேர்பெற்ற சரக்கு ரயிலில் ஏறுவதில்லை. பயணிகள் பெட்டியில் பட்டாசு கொண்டுபோவது சட்டப்படி குற்றம். சிவகாசிப் பட்டாசு லாரியில்தான் நாடு முழுதும் போகிறது. ரயில் இல்லாமல் தொழில் தொடங்கிய ஊர், ரயில் வந்த பிறகும் பட்டாசுக்குச் சாலையையே நம்புகிறது.

இதையெல்லாம் ரயிலில் உட்கார்ந்தே பார்க்கலாமே என்று கேட்கலாம். ரயில் விருதுநகரிலிருந்து அரை மணி நேரத்தில் சிவகாசியில் கொண்டுபோய் இறக்கிவிடும். ஊர்களின் முதுகைத்தான் காட்டும், முகத்தைக் காட்டாது. நான்குவழிச் சாலையில் காரில் போகிறவருக்கு விருதுநகரும் சாத்தூரும் பச்சைப் பலகையில் எழுதிய பெயர்கள், அவ்வளவுதான். சைக்கிளில் விருதுநகர், திருத்தங்கல், சிவகாசி, சாத்தூர், மறுபடி விருதுநகர் என்று ஒரு முக்கோணம் சுற்றினால் எழுபது கிலோமீட்டரை ஒட்டி வரும். அதில் 1876ஆம் ஆண்டுப் பாதை ஒரு பக்கம், 1927ஆம் ஆண்டுப் பாதை இன்னொரு பக்கம். மூன்றாவது பக்கமான சிவகாசி – சாத்தூர் சாலையில் தண்டவாளம் இல்லை. அந்த மூன்றாவது பக்கம்தான் எனக்கு முக்கியம். சுமார் இருபது கிலோமீட்டர். சைக்கிளுக்கு ஒன்றரை மணி நேரம், மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிக்கு ஓர் இரவு. பெடலை மிதித்துக்கொண்டு போகும்போதுதான் சிவகாசிக்காரர்களின் அந்த 51 ஆண்டுகள் உடம்புக்குப் புரியும். சாலையின் இரு மருங்கும் வேம்பும் சீமைக்கருவேலமும். அவற்றுக்கு நடுவே ஒன்றையொன்று ஒட்டாமல் தள்ளித் தள்ளி நிற்கும் பட்டாசு ஆலைகளின் ஒற்றை அறைகள். ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததற்குப் பரவக்கூடாது என்பதற்காக அந்த இடைவெளி. அறைக்கு வாசல்கள் ஒன்றுக்கு மேல் இருப்பது ஓடித் தப்புவதற்காக. மணிக்கு எண்பதில் போகிறவர் கண்ணுக்கு இவை ஏதோ கோழிப்பண்ணை. பன்னிரண்டில் போகிறவருக்கு ஒரு தொழிலின் முழு அச்சமும் சுவர்களின் இடைவெளியில் தெரிந்துவிடும்.

மீட்டர் கேஜ் போய்விட்டது, நீராவி எஞ்சினும் போய்விட்டது, பார்க்க என்ன பாரம்பரியம் மிச்சம் என்ற கேள்வியும் வரும். ஊட்டி மலை ரயில் போல யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்த எதுவும் இங்கே இல்லைதான். தென்காசிப் பாதை 2000களின் தொடக்கத்திலும் மானாமதுரைப் பாதை 2013இலும் அகலப்பாதையாயின. ஆனால் மாறியது தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள அகலம், பாதை போகும் தடம் பெரும்பாலும் மாறவில்லை. கண்மாய்க் கரையைச் சுற்றிப் போகும் வளைவும், கரிசல் நிலத்துக்கு மேலே உயர்த்திய மண்மேடும் நம் பாட்டன்மார் கூலி வேலை செய்து போட்டவை. துலுக்கபட்டி நிலையத்துக்கு அருகே 1960களில் சிமென்ட் ஆலை வந்ததும், திருத்தங்கலில் நின்ற நாராயணப் பெருமாள் குன்றின் கீழே ஊர் ரயிலடிப் பக்கமாக நீண்டதும் அந்தத் தடத்தின் பின்விளைவுகள். எஞ்சினைக் கண்ணாடிக் கூண்டில் வைத்தால்தான் பாரம்பரியம் என்று நினைப்பதால்தான் நம் ஊர்களில் ஒன்றும் இல்லை என்ற எண்ணம் வேரூன்றியிருக்கிறது.

கடைசி ஆட்சேபம் கடுமையானது, நியாயமானதும்கூட. 2012இல் சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் நாற்பது பேரளவில் இறந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் ஆண்டு தவறாமல் சாவு நடக்கிற மண்ணில் ஊர் சுற்றிப் பார்க்கப் போவது முறையா? வேடிக்கை பார்க்கப் போவது முறையல்ல. ஆலை வளாகத்துக்குள் நுழையக்கூடாது, தொழிலாளரைப் படம் பிடிக்கக்கூடாது, தீப்பெட்டியோ சிகரெட்டோ கையில் இருக்கக்கூடாது. ஆனால் தீபாவளிக்கு வெடி வாங்குகிற நாம் அதைச் செய்கிற ஊரைப் பார்க்காமலே இருப்பதில் எந்தக் கண்ணியமும் இல்லை. அந்த ஒற்றை அறைகளைப் பார்த்தவர் பாதுகாப்பு விதிகள் மீறப்பட்ட செய்தியைப் படித்துவிட்டுச் சும்மா பக்கத்தைப் புரட்டமாட்டார்.

மாவட்ட நிர்வாகத்துக்கும் ரயில்வேக்கும் ஒரு வேண்டுகோள். விருதுநகர், திருத்தங்கல், சிவகாசி, சாத்தூர் ஆகிய நான்கு நிலையங்களிலும் ரயில் வந்த ஆண்டையும் அதற்கு முன் சரக்கு வந்த வண்டிப்பாதையையும் சொல்லும் ஒரு தமிழ்ப் பலகை வையுங்கள், பக்கத்தில் நாலு வாடகை சைக்கிளும் நிறுத்துங்கள். பெரிய செலவில்லை. போக நினைக்கிறவர்கள் மார்கழி, தை மாதங்களில் விடியுமுன் கிளம்புங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் மண் டயரில் அப்பி மட்கார்டுக்குள் அடைத்துக்கொண்டு சக்கரத்தை நகரவிடாது. பங்குனி பிறந்துவிட்டால் காலை ஒன்பது மணிக்கே வெயில் சுடும், சிவகாசி – சாத்தூர் சாலையில் நிழல் குறைவு. தண்ணீர் இரண்டு பாட்டிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.