காற்றை விடும் கைப்பிடி

புல்லட்டைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் அனைவரும் அதன் ஓசையில் தொடங்கி ஓசையிலேயே முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த ஓசையின் மீது பெரிய மயக்கம் ஒன்றுமில்லை. நான் எழுத நினைப்பது, பழைய வண்டியின் இடது கைப்பிடியில், கிளட்சுக்கு அருகே, சுண்டுவிரல் நீளத்திற்குத் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு லீவரைப் பற்றி. வண்டி வைத்திருந்தவர்களிலேயே பாதிப்பேர் அதைத் தொட்டதில்லை. டீகம்ப்ரசர் என்று அதற்குப் பெயர். அழுத்த நீக்கி என்று கலைச்சொல் ஆக்கலாம்தான். எங்கள் ஊர் மெக்கானிக் கடையில் அதைக் 'காத்து விடுற லீவர்' என்றார்கள். கலைச்சொல் அகராதிகள் எதுவும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிடும் என்று தோன்றவில்லை.

அந்த எஞ்சினுக்கு ஒரே சிலிண்டர். குறுக்களவு 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். கொள்ளளவு 346 சி.சி. உள்ளே இழுத்த காற்றையும் பெட்ரோல் ஆவியையும் பிஸ்டன் மேலேறி ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு இடத்திற்குள் நெருக்குகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், உச்சியை நெருங்கும் தறுவாயில் பிஸ்டனின் தலைமீது 200 கிலோவுக்கும் மேற்பட்ட எதிர்ப்பு உட்கார்ந்திருக்கும். கிக்கரும் பற்சக்கரங்களும் அந்தச் சுமையைக் குறைத்துத்தான் காலுக்குத் தருகின்றன என்றாலும், அந்த இடத்தில் கிக்கர் கல்லாகி நின்றுவிடும். உடல் கனத்தவர்கள் அதன்மேல் எழும்பிக் குதிப்பார்கள். குதித்தும் வேகம் போதாவிட்டால் வேறொரு வினை உண்டு. பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்னரே தீப்பொறி விழும்படிதான் எஞ்சின் அமைக்கப்பட்டிருக்கிறது. சக்கரம் மந்தமாகச் சுழலும்போது வெடிப்பு முந்திக்கொண்டு பிஸ்டனைப் பின்னோக்கித் தள்ளும். கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு இரண்டு வாரம் நொண்டியவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அதையும் ஒரு வீரத்தழும்பு போலச் சொல்லிக்கொண்டுதான் திரிந்தார்கள்.

என் அப்பாவிற்கு அந்த வீரத்தில் பங்கில்லை. வத்தலக்குண்டுப் பக்கத்துக் கிராமங்களில் கால்நடை ஆய்வாளராக இருந்தவர். ஐம்பது கிலோவைத் தாண்டாத உடம்பு. 1983-இல் கைமாறி வந்த ஒரு புல்லட்டை அவர் வாங்கியபோது ஊரே சிரித்தது. ஓடைகளையும் வண்டித்தடங்களையும் கடந்து இராத்திரி நேரத்தில் கன்று ஈனும் பசுவிடம் போய்ச் சேர அவருக்குக் கனமான வண்டி ஒன்று வேண்டியிருந்தது, அவ்வளவுதான். “சார், வண்டி உங்கள ஓட்டிட்டுப் போகுதா?” என்று டீக்கடையில் கேட்பார்கள். அப்பா பதில் சொல்லமாட்டார். வண்டி முதல் மிதியிலேயே கிளம்பிவிடும். கேட்டவருக்கு நான்காவது உதை தேவைப்படும்.

இந்த 'மிதி', 'உதை' என்ற வேறுபாடு அப்பாவுடையது. தமிழில் எல்லோரும் கிக்கரை உதைப்பதாகத்தான் சொல்கிறோம். 1991-இல், எனக்குப் பத்தொன்பது வயதாகியிருந்தபோது, அவர் எனக்குக் கற்றுத்தந்த முதல் பாடம், “ஒதைக்காத பாப்பா, மிதி” என்பதுதான்.

அடுத்த பாடம் முள். பழைய புல்லட்டின் முகப்பு விளக்குக்கு மேலே வேகமானிக்குப் பக்கத்தில் ஓர் அம்மீட்டர் இருக்கும், நடுவில் பூச்சியம். சாவியைத் திருப்பியதும் முள் இடப்பக்கம் சாயும். பாயிண்ட் மூடியிருக்கிறது, சுருளில் மின்சாரம் ஓடுகிறது என்று அதற்குப் பொருள். கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் முள் துள்ளி நடுவுக்கு வரும். பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் தன் அழுத்த வீச்சின் உச்சிக்கு அருகே வந்துவிட்டது. நான்கு வீச்சில் ஒருமுறை மட்டுமே நிகழ்வது இது. ஆகவே சிலிண்டருக்குள் கண் வைத்துப் பார்த்ததுபோல இடத்தைச் சொல்லிவிடலாம். இப்போது அந்தச் சிறு லீவரை இழுக்க வேண்டும். கேபிளின் மறுமுனை புகை போகும் வால்வைச் சற்றே தூக்கிப் பிடிக்கும். உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. கல்லாக நின்ற கிக்கர் வெண்ணெயாக இறங்கும். விரற்கடை அளவு இறக்கி, பிஸ்டனை உச்சிக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, லீவரை விட்டுவிட வேண்டும். கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு ஒரே சீராக, கடைசிவரை, ஒரு மிதி.

ஏன் உச்சிக்கு அப்பால் என்பதில்தான் சூட்சுமம். அங்கிருந்து புறப்பட்டால் அடுத்த அழுத்தம் எதிர்ப்படுவதற்குள் மூன்று வீச்சுகள் தடையின்றிக் கிடைக்கின்றன. அந்த ஓட்டத்தில் கனத்த ஃபிளைவீல் வேகத்தைச் சேமித்துக்கொள்கிறது. 200 கிலோ எதிர்ப்பின்மீது மோதப்போவது அந்தச் சக்கரம். நம் கால் அதற்குள் வேலையை முடித்திருக்கும். நாற்பத்திரண்டு கிலோ எடையோடு நான் அதைக் கிளப்பியது எவருக்கும் வியப்பாக இருந்திருக்கலாம், அப்பாவுக்கு இல்லை. “இதுல பலம் எங்க வந்துச்சு?” என்றார்.

அவருக்கு இந்தப் பாடம் தோட்டத்துக் கிணற்றடியில் கிடைத்தது. மின்சாரம் வராத காலத்தில் இறைக்கப் பயன்பட்ட ஆயில் எஞ்சின்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி கிடையாது; காற்றை நெருக்கி நெருக்கியே சூடேற்ற வேண்டும். ஆதலால் அதன் அழுத்தம் பெட்ரோல் எஞ்சினைப்போல் இரு மடங்குக்கும் மேல். கையால் சுற்றி அதை வெல்ல எந்தப் பயில்வானாலும் ஆகாது. மேலே உள்ள லீவரைத் தூக்கிவிட்டு, ஹேண்டிலை மாட்டி, அழுத்தமே இல்லாமல் சக்கரத்தைச் சுழற்றி, நல்ல வேகம் பிடித்ததும் லீவரைத் தட்டிவிடுவார்கள். டுப் என்று ஒரு கரும்புகை, பிறகு எஞ்சின் தானே ஓடும். அதே தந்திரம்தான் புல்லட்டிலும். ஆயினும் கிணற்றடியில் லீவரைப் பயன்படுத்துவதை எவரும் இளக்காரமாக நினைத்ததில்லை. ரோட்டுக்கு வந்ததும் அது பலவீனர்களின் சாதனமாகிவிட்டது. விந்தைதான்.

இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்த இந்த வண்டி, 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்ட பிறகு, திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கியது. தாய்நிறுவனம் மூடப்பட்ட பின்னும் இங்கே அதே வார்ப்பிரும்பு எஞ்சின் பெரிய மாற்றமின்றி 2010-ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை வந்துகொண்டிருந்தது. பிறகு பொத்தானை அழுத்தினால் கிளம்பும் எஞ்சின்கள் வந்தன. 2023-இல் வந்த புதிய புல்லட் 350-இல் கிக்கரே கிடையாது. ஆனால் காற்றை விடும் வேலை மறைந்துவிடவில்லை. இன்றைய ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றில், கேம்ஷாஃப்டில் பொருத்திய ஒரு சிறு எடைத்துண்டு, சக்கரம் மெல்லச் சுழலும்போது வால்வை இம்மியளவு தூக்கிப் பிடிக்கிறது. வேகம் கூடியதும் தானே விலகிக்கொள்கிறது. யமஹாவின் எஸ்ஆர் 400 மட்டும் 2021 வரை பிடிவாதமாகக் கிக்கரோடும் கை லீவரோடும் விற்பனையில் இருந்தது. பிஸ்டன் சரியான இடத்திற்கு வந்ததைக் காட்ட அதில் ஒரு சிறு கண்ணாடிச் சாளரம்கூட உண்டு. அப்பாவிற்கு அதைக் காட்டியிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

2016-இல் அவர் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே வண்டியைப் பற்றிய பேச்சு எழுந்தது. பெரியப்பா மகன், கெட்ட எண்ணம் இல்லாதவர்தான், “ஒனக்கு எதுக்கும்மா புல்லட்டு? ஒதைக்கணுமே. நான் எடுத்துக்கிறேன், ஒரு வெலையப் போட்டுக் குடுத்திடுறேன்” என்றார். அம்மா என்னைப் பார்த்தார். வீட்டையும் நிலத்தையும் பற்றி இதே தொனியில் இன்னும் சில பேச்சுகள் வரவிருந்தன என்பதை நாங்கள் இருவருமே அறிந்திருந்தோம்.

வண்டி மூன்றாண்டுகளாக ஓடாமல் கிடந்தது. லீவரின் கேபிள் அறுந்திருந்தது. நகரத்து மெக்கானிக் கடை ஒன்றில் அதைக் கழற்றி எறிந்துவிட்டுத் துளையை அடைத்துவிடலாம் என்றார்கள். அதை யாரும் பயன்படுத்துவதில்லையாம். ஊர்க்கடைப் பையன், “அக்கா, கேபிள்தான, மாட்டிருவோம்” என்று ஒரு மணி நேரத்தில் மாட்டித்தந்தான். அண்ணன் ஆளையும் பணத்தையும் கூட்டிக்கொண்டு வந்த அன்று நான் வாசலில் முள்ளைப் பார்த்தேன், லீவரை இழுத்தேன், விட்டேன், மிதித்தேன். இரண்டாவது மிதியில் கிளம்பியது. முதலாவதற்குப் பெட்ரோல் வந்து சேரவில்லை. அவர் காபி குடித்துவிட்டுப் போனார். நிலத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகும் வந்தது. அது வேறு கதை.

வண்டி இப்போது என்னிடம்தான் இருக்கிறது. பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். லீவரை மாட்டும்போது கேபிளை இறுக்கிக் கட்டச் சொல்லாதீர்கள்; சிறிது தளர்வு இருக்கட்டும். தளர்வில்லாவிட்டால் வால்வு முழுவதும் உட்காராது, எஞ்சின் இழுக்காது, நாளடைவில் வால்வின் விளிம்பு கருகிப்போகும். லீவரை விரலால் ஆட்டிப் பார்த்தால் கொஞ்சம் கொடகொடவென்றுதான் இருக்க வேண்டும்.