ஜூலை 15க்கு ஆள் தேவை

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இப்போது ஜூலை 15 பற்றித்தான் பேச்சு. காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள். பேச்சுப்போட்டிக்குப் பேர் கொடுத்த இரண்டாம் வகுப்பு வாண்டு ஒன்று, 'கர்மவீரர்' என்ற இடத்தில் மட்டும் கையை உயர்த்தச் சொன்னால் வரிக்கு வரி தூக்குகிறது. "இரு சாமி, அந்த இடம் இன்னும் வரல" என்று டீச்சர் சிரிப்பை அடக்குகிறார். ஒப்பிக்க விடுவதைவிட, பிள்ளைகளைச் சொந்தமாக நாலு வார்த்தை பேசவிடலாம் என்பது என் கட்சி. யார் கேட்கிறார்கள்!

அதற்கு முந்தின வெள்ளி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். கழிப்பறைத் தண்ணீரோ சுற்றுச்சுவரோ, எதுவானாலும் அங்கே தீர்மானமாக எழுதினால்தான் மேலே நகரும். வாட்ஸ்அப்பில் பொங்குகிற அப்பாக்கள் அன்றைக்கு மட்டும் காணாமல் போவார்கள். நூறு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து உட்காருவதெல்லாம் அம்மாக்கள்தான்.

காலை உணவைச் சுவை பார்க்கவும் பெற்றோர் யாராவது வந்தால் நல்லது. பொங்கல் போடும் நாளில் வாங்க, ஏமாற மாட்டீர்கள்.

கூட்டம் மூன்று மணிக்கு. விழாவுக்கு மைக் செட்டும் சாமியானாவும் இன்னும் முடிவாகவில்லை. குறைந்த வாடகைக்குத் தருகிறவர்கள் தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.