அப்பாயியின் பாட்டும் ஒரு குறுந்தகடும்

"குறுந்தகடா? அதெல்லாம் மலையேறிவிட்டதே!" என நண்பர்கள் நகைக்கக்கூடும். உண்மைதான். மலையேறி எங்கள் சேரங்கோட்டுக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டது!

1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரின் மறுவாழ்வுக்காக, 1968இல் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டப் பணி தொடங்கிற்று. எங்கள் லயங்களில் வாழும் முதியோர் பலர் அவ்வாறு வந்தவர்களே. அவர்தம் பாட்டுகள் எந்த ஏட்டிலும் இல்லை. என் அப்பாயி பாடும் தாலாட்டையும் ஒப்பாரியையும் கைப்பேசியில் பதிவு செய்தேன். வீட்டில் ஒப்பாரி ஆகாது என்று, அதை மட்டும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று பாடினார். பதிவில் காற்றும் கூடவே அழுகிறது.

இதைக் கேட்க ஆசைப்பட்ட பாட்டிமாரிடம் இருப்பதோ பழைய சி.டி. பிளேயர். பொத்தானை அழுத்தினால் பாட வேண்டும். திரையைத் தேய்க்கும் வித்தையெல்லாம் அவர்களுக்கு ஆகாது. கடையொன்றில் தகட்டில் ஏற்றித் தந்தார்கள். கணினியில் பாடிற்று. பிளேயரோ, தகட்டை வயிற்றில் வைத்துக்கொண்டே "நோ டிஸ்க்" என்றது!

காரணம் இதுதான். கணினிக்குத் தகடு ஒரு பெட்டி. எந்தக் கோப்பையும் போட்டு வைக்கலாம். பழைய பிளேயருக்குத் தெரிந்த பாஷை ஒன்றே ஒன்று. பிலிப்ஸ், சோனி நிறுவனங்கள் 1980இல் வகுத்த விதிப்படி, வினாடிக்கு 44,100 மாதிரிகள். ஒவ்வொன்றும் 16 பிட். இடம், வலம் என இரண்டு தடங்கள். பெருக்கினால் வினாடிக்கு 14,11,200 பிட். எம்.பி.3 முதலான சுருக்கிய கோப்புகளோ 1,28,000 பிட்டிலேயே காரியத்தை முடித்துவிடும். அந்தச் சுருக்கத்தை விரித்துப் படிக்கும் மூளை பழைய கருவிக்கு இல்லை. ஆகவே தகட்டில் எழுதும்போது கணினியில் 'ஆடியோ சி.டி.' என்னும் முறையைத் தேர்ந்தால், கணினியே விரித்து எழுதிவிடும். ஆனால் 80 நிமிடத்துக்கு மேல் ஏறாது. ஒரே தகட்டில் நூறு பாட்டு என்ற ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.

அழித்தெழுதும் தகடும் உதவாது. அது ஒளியைக் குறைவாகவே பிரதிபலிப்பதால் பழைய கருவியின் லேசர்க் கண் தடுமாறும். ஒருமுறை மட்டும் எழுதும் தகடே நல்லது. எழுதி முடித்ததும் அதை 'மூட' வேண்டும். மூடும்போதுதான் எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்னும் அட்டவணை நிலைபெறுகிறது. மூடாத தகட்டைப் பல பிளேயர்கள் ஏறெடுத்தும் பாரா.

இவ்வாறு எழுதிய தகடு பாடிற்று. லயத்து வாசலில் கூடியிருந்தவர்கள் தாலாட்டை விட்டுவிட்டு ஒப்பாரியையே மறுபடி போடச் சொன்னார்கள். வீட்டில் ஆகாது என்ற பேச்சையே காணோம்! மூன்றாம் முறை ஓடுகையில் ஒரு பாட்டி கையமர்த்தி, "எங்க தோட்டத்துல இந்த அடிய இப்பிடிப் பாட மாட்டோம்" என்று தம் பாடத்தைப் பாடிக் காட்டினார். அப்பாயி ஒப்பவில்லை. இருவருக்கும் வெகுநேரம் வாதம் நடந்தது.

அந்தப் பாட்டியின் பாட்டையும் பதிவு செய்தாயிற்று. மூடிய தகட்டில் இனிச் சேர்க்க வழியில்லை. இரண்டு பாடங்களும் அடுத்தடுத்து வருமாறு புதுத் தகடு எழுத வேண்டும்.