கேஸ் எங்கே போகிறது?

ஃப்ரிட்ஜ் கூலிங் ஆகவில்லை என்றதும் வீட்டுக்காரரும் மெக்கானிக்கும் ஒரே குரலில் சொல்வது, ‘கேஸ் தீர்ந்திருக்கும்’. சமையல் சிலிண்டரோடு பழகிய நமக்கு அது நியாயமாகவே படும். ஆனால் ஃப்ரிட்ஜில் உள்ள கேஸ் எரிவதுமில்லை, செலவாவதுமில்லை. கம்ப்ரஸரிலிருந்து கிளம்பி, கண்டென்ஸரில் சூட்டை விட்டு, மெல்லிய கேபில்லரி குழாய் வழியாக ஃப்ரீஸர் காயிலுக்குள் போய் ஆவியாகி, மறுபடி கம்ப்ரஸருக்கே வந்து சேர்கிறது. எங்கும் ஓட்டை விழாதவரை, கம்பெனியில் ஏற்றிய கேஸ் ஃப்ரிட்ஜின் ஆயுள் முழுக்க அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே கேஸ் குறைவு என்பது மற்ற எல்லாவற்றையும் பார்த்த பிறகு கடைசியாக வரவேண்டிய முடிவு என்பது என் கட்சி.

டபுள் டோர் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான மாடல்களில் குளிர் உண்டாவது ஒரே இடத்தில், ஃப்ரீஸரின் பின்பலகைக்குப் பின்னால் இருக்கும் காயிலில்தான். அந்தக் குளிர்காற்றைக் கீழ் அறைக்கும் தள்ளிவிடுவது ஒரு சின்ன ஃபேன். காயிலில் படியும் பனியை அவ்வப்போது ஒரு ஹீட்டர் உருக்க வேண்டும், இதுதான் டீஃப்ராஸ்ட். அந்த ஹீட்டரோ, அதை இயக்கும் டைமரோ, சென்சரோ கெட்டுப்போனால் பனி நாளுக்கு நாள் ஏறிக் காற்று போகும் வழியையே அடைத்துவிடும். அப்போது மேலே ஐஸ் நன்றாகக் கட்டும், கீழே பால் திரிந்துபோகும். பலகையைக் கழற்றினால் காயிலைப் பார்த்தே விஷயம் தெரிந்துவிடும். முழுக்க வெள்ளை வெளேரென்று பனி மூடிக் கிடந்தால் கேஸைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கோளாறு டீஃப்ராஸ்டில். சீராக மெல்லிய பனி இருந்தும் காற்று வரவில்லையென்றால் ஃபேனைப் பார்க்க வேண்டும். கேபில்லரி வந்து சேரும் முனையில் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் பனி பிடித்து, மீதிக் குழாய் வெறுமனே கிடந்தால்தான் கேஸ் குறைவு, அல்லது அடைப்பு, என்ற சந்தேகத்துக்கே இடம். பனியே இல்லையென்றால் கம்ப்ரஸர் ஓடுகிறதா என்பதுதான் முதல் கேள்வி. சில நிமிடத்துக்கு ஒருமுறை ‘டிக்’ என்று சத்தம் வந்து நின்றுபோனால் ரிலே, ஓவர்லோடு, வோல்டேஜ் என்று தேட வேண்டும். கோடையில் வோல்டேஜ் இறங்கும் தெருக்களில் இதுவே போதும், நல்ல ஃப்ரிட்ஜையும் கெட்டதாகக் காட்ட. தளர்ந்த கதவு கேஸ்கெட், தூசி அப்பிய கண்டென்ஸர், சுவரோடு ஒட்டி வைத்த ஃப்ரிட்ஜ் ஆகியவற்றைப் பார்க்க ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம்.

‘போன தடவை கேஸ் போட்டதும் சரியாகிவிட்டதே’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கேஸ் போடும் வேலைக்காக ஃப்ரிட்ஜை மணிக்கணக்கில் அணைத்து, கதவைத் திறந்து போட்டிருப்பார்கள். அதற்குள் காயிலில் இறுகிய பனி உருகி, காற்றுக்கு வழி கிடைத்திருக்கும். ஹீட்டர் கெட்டபடியே இருப்பதால் ஓரிரு வாரத்தில் பழைய கதை திரும்பும், ‘மறுபடி கேஸ் போயிடுச்சு’ என்பார்கள். இதைக் காசில்லாமலே சோதிக்கலாம். ஒரு நாள் முழுக்க ஃப்ரிட்ஜை அணைத்து, கதவைத் திறந்து வைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஒரு வாரம், பத்து நாள் ஒழுங்காகக் குளிர்ந்து பிறகு படுத்துக்கொண்டால் டீஃப்ராஸ்ட் கோளாறுதான். சில மணி நேரத்திலேயே நின்றால் உள்ளே ஈரம் புகுந்து கேபில்லரி வாயில் உறைகிறது என்று சந்தேகிக்கலாம். கேஸ் குறைந்த ஃப்ரிட்ஜ் இந்த ஓய்வால் தேறாது.

அதற்காகக் கேஸ் போகவே போகாது என்று நான் சொல்லவில்லை. சிங்கிள் டோர் ஃப்ரீஸரில் இறுகிய ஐஸைக் கத்தியால் குத்திப் பெயர்ப்பவர்கள் அலுமினியத் தகட்டையும் சேர்த்துக் குத்திவிடுகிறார்கள். கடலோர ஊர்களில் உப்புக்காற்று இரும்புக் குழாயை அரிக்கிறது. ஆனால் லீக் என்று உறுதியானால் வேலை இன்னும் பெரிது. இப்போது பரவலாக வரும் ஆர்600ஏ கேஸின் கொதிநிலை சுமார் மைனஸ் 12 டிகிரி. ஃப்ரீஸர் காயில் அதைவிடக் குளிராக இருப்பதால் அந்தப் பக்கத்து அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு. அங்கே ஓட்டை விழுந்தால் கம்ப்ரஸர் ஓடும்போது வெளிக்காற்றும் ஈரமும் உள்ளே போகும். அதன் மேல் ‘கொஞ்சம் டாப்-அப்’ செய்வதில் ஒரு பயனும் இல்லை. நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரையால் ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும், ஈரத்தை உறிஞ்சும் டிரையரை மாற்ற வேண்டும், வேக்கம் பிடிக்க வேண்டும், பிறகு எடைபோட்டு ஏற்ற வேண்டும். மொத்தக் கேஸே பெரும்பாலும் 100 கிராமுக்குள் என்பதால் கண் மதிப்பு உதவாது. தீப்பற்றும் கேஸ் என்பதால் குழாயில் மிச்சம் இருக்கும்போது பர்னரைக் காட்டுவதும் ஆபத்து.

இவ்வளவு பார்க்க மெக்கானிக்குக்கு நேரம் எங்கே என்பது இன்னொரு கேள்வி. இதில் வாடிக்கையாளர் பங்கும் உண்டு. கேஸ் போட்டால் கேட்ட பணத்தைக் கொடுப்பவர்கள், பலகையைக் கழற்றி அரைமணி நேரம் பார்த்ததற்குக் கூலி கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். அந்தக் கூலியைக் கொடுத்துவிடுங்கள். காயிலில் பனி எப்படிப் பிடித்திருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள், லீக் என்றால் எங்கே என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் வராமல் குழாயை அறுக்க விடாதீர்கள்.