கும்மிடிப்பூண்டியில் யாரையும் வேலையை விட்டு எடுப்பதில்லை!

திருவள்ளூர் வீரராகவப் பெருமாளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பக்தி மட்டுமே காரணமில்லை. மனுஷர் (ஸாரி, பெருமாள்!) சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். கிழவர் வேஷத்தில் சாலிஹோத்ர முனிவரின் குடிசைக்கு வந்தார். பட்டினி கிடந்து தவம் செய்த முனிவர் கொடுத்த மாவைச் சாப்பிட்டார். 'இன்னும் பசிக்கிறது' என்றார். முனிவரின் பங்கும் காலி. அப்புறம், 'தூக்கம் வருகிறது, படுக்க எவ்வுள்?' என்றார். எந்த அறை என்று அர்த்தம். ஊர் 'திரு எவ்வுள்' ஆனது அப்படித்தான் என்கிறது தல புராணம்.

அதே பெருமாள் இன்றைக்கு இந்த மாவட்டத்தில் ஏதாவது ஓர் ஆபீஸில் வேலை பார்த்திருந்தால், 'ஓய்வு தொடர்பான இடவசதி குறித்துத் தங்கள் மேலான பரிசீலனைக்குப் பணிந்து சமர்ப்பிக்கிறேன்' என்று மனு எழுதி, மூன்று நகல் எடுத்துவிட்டு, நின்றுகொண்டே தூங்கியிருப்பார்.

1997-ல் செங்கற்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டத்தைப் பிரித்து உண்டான மாவட்டம் இது. மாவட்டம் பிரித்தால் 'நிர்வாக வசதிக்காக' என்பார்கள். யார் வசதி என்று கேட்கக் கூடாது. கும்மிடிப்பூண்டிக்காரர் ஒருவர் ரயிலில் திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸுக்குப் போகவேண்டுமென்றால், முதலில் சென்னைக்கு வந்து, வேறு லைனில் ஏறி, மறுபடி மாவட்டத்துக்குள் நுழைய வேண்டும். சொந்த வீட்டின் கொல்லைப்புறத்துக்கு அடுத்த தெரு வழியாகப் போவது மாதிரி!

திருவள்ளூர் லைனில்தான் ஆவடி. டாங்கி செய்கிற ஊர். 2021 அக்டோபர் 1-ம் தேதி ராணுவத் தளவாடத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து, நாடு முழுக்க இருந்த 41 தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தார்கள். அதில் ஒன்றுக்குத் தலைமையகம் ஆவடி. ஊழியர்களை என்ன செய்வது? 'டீம்டு டெபுடேஷன்' என்று ஒரு வார்த்தை கண்டுபிடித்தார்கள். அதாவது, அயற்பணிக்குப் போனதாகக் கருதப்படுகிறவர்கள். டெபுடேஷன் என்றால் ஆள் வேறு இடத்துக்குப் போகவேண்டும் அல்லவா? இங்கே ஆள் அதே ஸ்டூலில், அதே மெஷின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். அவர் காலடியிலிருந்து கம்பெனிதான் நகர்ந்தது. டெபுடேஷன் அலவன்ஸ் உண்டா என்றால், அது கிடையாது. அதையும் வாங்கியதாகக் கருதிக்கொள்ள வேண்டியதுதான்!

இப்படிப் பேசுவதை இங்கிலீஷ்காரன் கற்றுக்கொடுத்தான் என்று நினைக்காதீர்கள். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இதற்குக் கடை விரித்திருக்கிறார். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. 'கால் கழுவி வருகிறேன்' என்பது இடக்கரடக்கல். கறுப்பு ஆட்டை வெள்ளாடு என்பதும், செத்தவரை இயற்கை எய்தினார் என்பதும் மங்கலம். தட்டான் தங்கத்தைப் 'பறி' என்று தன் ஆளிடம் மட்டும் சொல்வது குழூஉக்குறி. சபையில் முகம் சுளிக்க வைக்காமல் பேச வந்த நாகரிகம் அது. பெரியவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். பர்சனல் டிபார்ட்மென்ட் என்ற ஒன்று பின்னால் வரும் என்று பவணந்திக்கு எப்படித் தெரியும்?

(நான் படித்த பி.காமிலும் இதே கதைதான். திரும்பி வராத பணத்துக்கு 'வாரா ஐயக்கடன் ஒதுக்கு' என்று பெயர். என்னமோ சங்க இலக்கியத் துறை மாதிரி இருக்கும். பணம் போச்சு, அவ்வளவுதான்.)

சரி, கும்மிடிப்பூண்டிக்கு வருவோம்.

மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் கிளம்பும் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஜன்னலோர சீட் கிடைப்பது பூர்வ ஜென்ம புண்ணியம். கிடைத்தாலும், கொருக்குப்பேட்டை தாண்டுவதற்குள் யாரோ ஒருவருடைய கைக்குழந்தையும், இன்னொருவருடைய டிபன் கேரியரும் உங்கள் மடிக்கு வந்துவிடும். அந்த வண்டியில் நான் வேடிக்கை பார்ப்பதைவிட ஒட்டுக் கேட்பதுதான் அதிகம்.

"உன் தோஸ்து இன்னா ஆனான்?"

"ரிலீவ் பண்ட்டாங்கபா."

"அவன் மச்சான்?"

"பிரேக் குட்த்துக்கிறாங்க."

"நீ?"

"போன் பண்றோம், அப்பால வான்னு சொல்லிக்கிறாங்க."

மூன்று பேருக்கும் வேலை போயிருந்தது. 'வேலை போச்சு' என்கிற வார்த்தை மட்டும் ஒரு தடவைகூட வரவில்லை.

விம்கோ நகர் தாண்டினால் கத்திவாக்கம், எண்ணூர். லாரி, பஸ் செய்கிற அசோக் லேலண்ட் இங்கேதான். 2019-ல் வண்டி விற்பனை படுத்தபோது, செப்டம்பர் மாதம் எண்ணூர் ஆலைக்கு 16 நாள் 'நான் ஒர்க்கிங் டே' என்று அறிவித்தார்கள். அந்த வருஷம் வாகனக் கம்பெனிகள் பலவும் இதே வார்த்தையைத்தான் சொல்லின. ஞாயிற்றுக்கிழமையும் வேலை இல்லாத நாள், தீபாவளியும் வேலை இல்லாத நாள், ஆர்டர் இல்லாததும் வேலை இல்லாத நாள்! பெரிய ஆலையின் நிரந்தரத் தொழிலாளிக்கு யூனியன் இருக்கிறது, பேச ஆள் இருக்கிறது. அவர்களுக்கு நட்டும் போல்ட்டும் செய்துகொடுக்கிற சின்னப் பட்டறையின் காண்ட்ராக்ட் பையனுக்கு அது வெறும் பட்டினி நாள்.

அதே எண்ணூரில் 2023 டிசம்பர் 26 ராத்திரி, கடலுக்கடியில் போகிற அம்மோனியா குழாய் கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் மூச்சு முட்டி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில். உரக் கம்பெனியான கோரமண்டல் இன்டர்நேஷனல் விட்ட அறிக்கையில் இதற்கு இருந்த பெயர் 'அப்நார்மாலிட்டி'. வழக்கத்துக்கு மாறான ஒன்றைக் கவனித்தார்களாம். என் டாக்டர்கூட என் பிளட் ரிப்போர்ட்டைப் பார்த்து இதைவிடக் கவலையாகப் பேசுவார்.

அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கவரப்பேட்டை. பிறகு கும்மிடிப்பூண்டி.

சிப்காட்டுக்குள் நுழைந்தால் முதலில் மூக்குக்குத் தெரியும், அப்புறம்தான் கண்ணுக்கு. இரும்பு உருக்குகிற உலை, கம்பி நீட்டுகிற ரோலிங் மில், ரசாயனம், பெயின்ட் என்று வரிசையாக கேட்டுகள். ஒவ்வொரு கேட்டிலும் ஒரு போர்டு. 'பாதுகாப்பே முதன்மை' என்று ஒரு வரி. கீழே 'நேர இழப்பு விபத்து இல்லாத நாட்கள்' என்று போட்டு ஒரு நம்பர். தினம் காலையில் நம்பரை மாற்றுவார்கள்.

சிப்காட் ரோட்டு டீக்கடையில் ஒருவரைச் சந்தித்தேன். ரோலிங் மில்லில் வேலை பார்த்தவர். கம்பெனி பெயர் வேண்டாம். டீ கிளாஸை அவர் பிடித்த விதம் வித்தியாசமாக இருந்தது. வலது கை ஆள்காட்டி விரலில் மேல் கணு இல்லை.

"மறுநாளு காலீல வூட்டுக்கே வேன் அன்ப்ச்சாங்க சார். அவ்ளோ மரியாதை."

"விரல் போன மறுநாளேவா? வேலை செய்யவா?"

"வேலை ஒண்ணியும் இல்ல. கட்டுப் போட்ட கையோட டைம் ஆபீஸ்ல பேன் கீழ குந்த வெச்சாங்க. கார்டு பஞ்ச் ஆயிட்ச்சா? அவ்ளோதான். நான் டூட்டிக்கு வந்துட்டேன். போர்டுல நம்பர் ஒண்ணு ஏறிட்ச்சு."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர் விளக்கினார்.

"டைம் லாஸ் ஆவல சார். வெரலுதான் லாஸு."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எனக்கு டீ இறங்கவில்லை.

இதில் வார்த்தை விளையாட்டு மட்டும் இல்லை, வயிற்று விஷயம் இருக்கிறது. வேலையில் அடிபட்டால், ஈ.எஸ்.ஐ.யில் விபத்து அறிக்கை போகவேண்டும். போனால், வேலைக்குப் போகமுடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவிகிதம் கிடைக்கும். விரல் போனதற்கு, சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு குறைந்தது என்று மெடிக்கல் போர்டு கணக்குப் போட்டு, ஆயுளுக்கும் மாதாமாதம் ஒரு தொகை வரும். இவருக்கு ரிஜிஸ்டரில் விழுந்தது 'முதலுதவி கேஸ்' என்ற இரண்டு வார்த்தை. பேன் காற்று இலவசம்.

கும்மிடிப்பூண்டி பஜாரில் தமிழ், தெலுங்கோடு இப்போது இந்தியும் ஒடியாவும் சரளமாகக் கேட்கிறது. பீகார், ஒடிசா, அசாம் பையன்கள். கேரளத்தில் இவர்களை 'அதிதி தொழிலாளி' என்கிறார்கள். 2020 ஊரடங்கு சமயத்தில் இங்கேயும் 'விருந்தினர் தொழிலாளர்' என்ற வார்த்தை எட்டிப் பார்த்தது. ஜெர்மனி 1955-ல் இத்தாலியோடும், 1961-ல் துருக்கியோடும் ஒப்பந்தம் போட்டு ஆள் எடுத்தபோது வைத்த பேரும் விருந்தினர் தொழிலாளிதான். மரியாதையான வார்த்தை, சந்தேகமில்லை. ஆனால் விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொன்னவர்களும் நாம்தானே! விருந்தாளி என்று சொல்லும்போதே, எப்போது கிளம்புகிறாய் என்கிற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

எல்லாப் பெயர் மாற்றமும் ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். 'மாற்றுத்திறனாளி' வந்தபிறகு பழைய வார்த்தைகளைச் சொல்ல நாக்கு கூசுகிறது. நல்லதுதான். கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர்களின் பெரிய முகாம் ஒன்று இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்பதை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. கூடவே வீடுகள் கட்டவும் மற்ற உதவிக்குமாக ரூ.317 கோடிக்குத் திட்டமும் அறிவித்தது. வார்த்தையோடு செங்கல்லும் வந்தால் சரி. முகாமில் பிறந்து, இங்கேயே படித்து, பெயின்ட் அடிக்கப் போகிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இன்னும் குடியுரிமைதான் வரவில்லை.

திருச்சியில் 'சிறப்பு முகாம்' என்று ஒன்று இருக்கிறது. எங்கே? மத்தியச் சிறை வளாகத்துக்குள்ளே! 2022 நவம்பரில் ராஜீவ் வழக்கில் விடுதலையான இலங்கைக்காரர்கள் நான்கு பேர் விடுதலையாகி அங்கேதான் போனார்கள். சிறப்பு என்ற வார்த்தைக்கு இதைவிட அகலமாக அர்த்தம் சொல்ல என்னால் முடியாது.

மறுபடி டீக்கடை. விரல்காரரின் பக்கத்தில் இருந்த ஒருவர் ஒரு தாளை நீட்டினார். "இத்த கொஞ்சம் படிச்சி சொல்லு சார். இங்கிலீஸ்ல கீது."

டைப் அடித்து ரெடியாக இருந்த ராஜினாமாக் கடிதம். 'எனது சொந்தக் காரணங்களால், மனப்பூர்வமாக...' என்று போயிற்று. கம்பெனிக்கு நன்றிகூடச் சொல்லியிருந்தது. கையெழுத்து போடவேண்டியது மட்டும்தான் பாக்கி.

"உங்க சொந்தக் காரணம் என்ன?"

"எனக்கு இன்னா தெரியும்? ஒம்போது வர்சமா கீறேன். சின்னதா ஒரு பேப்பர் ஒர்க், சைன் போட்னு வாங்கன்னாரு எச்.ஆர். தம்பி. தங்கமான பையன். டீ வாங்கிக் குடுத்தாரு."

தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினேன். சொந்தக் காரணம் என்றால் பி.எஃப்., கிராஜுவிட்டி. அது எப்படியும் அவருடையது. கம்பெனியே எடுத்தால் அதற்குப் பெயர் ஆட்குறைப்பு. ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்குச் சம்பளம். வேலை பார்த்த வருஷம் ஒவ்வொன்றுக்கும் 15 நாள் சம்பளம். நாளைக்கு 600 ரூபாய் என்றால், ஒன்பது வருஷத்துக்கு 81,000. பழைய 1947 தொழில் தகராறு சட்டத்திலும் இது உண்டு. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பிலும் உண்டு. புதியதில் 'மறுதிறன் நிதி' என்று இன்னொரு 15 நாள் சம்பளம் வேறு. (பேர் வைப்பதில் டில்லிக்காரர்களை அடித்துக்கொள்ள முடியாது.)

அவர் அந்த 81,000-ஐயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப 'சொந்தக் காரணம்'ங்கறது எண்பத்தோராயிரமா சார்?"

"நோட்டீஸ் சம்பளம் தனி."

"நாளிக்கு போறேன். என்னை வேலைய வுட்டு எடுக்கறேன்னு எழுதிக் குடுங்கன்னு கேக்கறேன்."

"குடுப்பாங்களா?"

"மாட்டாங்க. ஆனா அந்த வார்த்தைய அவுங்க வாயால ஒரு தபா கேட்டுட்டுதான் சார் வருவேன்."

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ரெண்டாவது ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. நான் கிளம்புகிறவரை அதில் கையெழுத்து விழவில்லை.