நட்சத்திரத்தின் கமுக்கட்டு

மாதாவின் முக்காட்டுக்கு நீலத்துணி அரை முழம் குறைந்துவிட்டது. கொண்டச்சியில் அந்த வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே அந்தப் பேச்சுத்தான் நடந்துகொண்டிருந்தது. அரிப்பிலிருந்து வந்திருந்த முன்பள்ளி ரீச்சர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மாதாவாக நடிக்க ஒக்டோபரில் அளவெடுத்த பிள்ளை அதற்குள் வளர்ந்துவிட்டாளாம். நத்தார் ஒளி விழாவுக்கு இன்னும் ஆறு நாள். தையல்கார ராத்தா துணியை மேசையில் விரித்து, உள்ளங்கையால் இரண்டு தரம் நீவிப் பார்த்தார்.

"பயப்படாதீங்க ரீச்சர். முக்காடு வெட்டுறதுக்கு எங்களுக்கு ஆரும் சொல்லித் தரத் தேவையில்ல."

ரீச்சர்தான் முதலில் சிரித்தார்.

கொண்டச்சி முஸ்லிம் ஊர். மன்னார் மாவட்டத்தின் முசலிப் பிரிவில், சிலாவத்துறைக்குத் தெற்கே, கடலுக்கும் கஜுத் தோட்டத்துக்கும் நடுவில் கிடக்கிறது. வடக்கே கொஞ்சத் தூரத்தில் அரிப்பு, கத்தோலிக்க ஊர். அதற்கும் அப்பால் புனித ஆனாள் கோவிலைச் சுற்றி எழுந்த வங்காலை. நான் பிறந்து வளர்ந்தது அந்தப் பக்கம். எங்கள் நத்தார் உடுப்பை அம்மாவே தைப்பாள். நடுச்சாமப் பூசைக்கு முதல் மணி அடித்த பிறகுதான் கடைசிப் பொத்தான் விழும். அதனால், நத்தார்க் கைவேலை பற்றி எழுதித் தாருங்கள் என்று இதழிலிருந்து கேட்டபோது ஒரு கத்தோலிக்கத் தையல் வீட்டைத்தான் மனதில் வைத்துப் புறப்பட்டேன். வங்காலையில் இரண்டு பேரிடம் விசாரித்தேன். இரண்டு பேருமே தெற்கே கைகாட்டினார்கள்.

தள்ளாடியில் திரும்பி வரும் வீதி மாரி மழையில் நனைந்து கிடந்தது. வங்காலைச் சரணாலயத்து நீரில் பூநாரைகள் இறங்கியிருந்தன. அரிப்பைத் தாண்டினால் கடலோரத்தில் ஓர் இடிபாடு வரும். அல்லிராணி கோட்டை என்று ஊர் சொல்லும். ஆனால் அது பிரித்தானிய ஆளுநர் ஃபிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்வையிட 1800களின் தொடக்கத்தில் கட்டுவித்த மாளிகை. கடல் தின்றது போகச் சில சுவர்கள் மிச்சம். முத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ராத்தாவின் தொழிற்கூடம் என்பது வீட்டு விறாந்தைதான். சுவரோரம் ஒரு கால் மெசின், பழைய சிங்கர். இலங்கையில் சிங்கர் கடை திறந்தது 1877இல். தையல் மெசினுக்கே 'சிங்கர்' என்றுதான் பெயர் என நம்பிய கிழவிகள் எங்கள் ஊரில் இருந்தார்கள். இதற்கு மோட்டார் பூட்டச் சொல்லி மகன் நச்சரிக்கிறானாம். 2022 மார்ச்சில் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை ராத்தா அவனுக்கு ஞாபகப்படுத்துகிறார். "கால் இருக்கிற வரைக்கும் கரண்ட் வேணாம்."

கூட இரண்டு பேர். ஒன்று ராத்தாவின் மகள். மற்றது பக்கத்து வீட்டு இளம்பெண். கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் நாலு வருஷம் வேலை செய்து திரும்பியவள். நாலு வருஷமும் சேர்ட் கொலர் மட்டுமே தைத்தாள். ஒரு சேர்ட்டை முழுதாகத் தைத்ததேயில்லை. இங்கு வந்துதான் கை பூட்டப் படித்தேன் என்றாள். 1978இல் திறந்த அந்த வலயம் இலங்கைப் பெண்களுக்குச் சம்பளம் கொடுத்தது, மறுக்கவில்லை. ஆனால் தையல் கொடுத்ததா என்று கேட்டால் இந்தப் பிள்ளையைத்தான் காட்டவேண்டும்.

மூலையில் மூன்று உரைப்பை நிறைய வெட்டுத்துண்டுகள். ஆடைத் தொழிற்சாலையில் கழித்தவை. புத்தளத்திலிருந்து கிலோக் கணக்கில் எடுக்கிறார். நத்தார் வேலையில் பாதிக்கு மேல் அந்தப் பைகளிலிருந்துதான் பிறக்கிறது: தோரணத்துக்கு முக்கோணங்கள், மரத்தில் தொங்கவிடும் பந்துகள், சின்னக் காலுறைகள், தேவதூதரின் சிறகுகள், பாலன் கொட்டிலில் குழந்தை யேசு படுக்க ஒரு சாண் நீள மெத்தை. மெத்தைக்கு இலவம்பஞ்சுதான் வைக்க வேண்டும் என்று வங்காலை அம்மா ஒருவர் வருஷாவருஷம் சொல்லி அனுப்புவாராம். பாலனுக்கு நைலோன் பஞ்சு குத்துமாம்.

ஆனால் ராத்தாவின் பெயர் நிற்பது நட்சத்திரத்தில். துணியில் தைத்துப் பஞ்சு அடைத்த, உள்ளங்கை அகல ஐந்துமுனை நட்சத்திரம். பார்த்தால் பத்து நிமிஷ வேலை போலத் தெரியும். நானும் ஒன்று தைக்கக் கேட்டேன்.

மட்டை அச்சை வைத்துச் சோக்கால் வரைந்து, இரண்டு துண்டையும் நல்ல பக்கம் உள்ளே வரச் சேர்த்து, பொடித் தையலாகச் சுற்றி ஓட வேண்டும். ஓரிடத்தில் மட்டும் இரண்டு விரல் அகலம் விட்டுவிட வேண்டும், புரட்டியெடுக்க. இதுவரை சரியாகவே வந்தேன். பிறகுதான் கத்தரி. முனைகளில் துணியைக் குறுக்கிவிட்டு, இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ளே மடங்கும் மூலை இருக்கிறதே, அங்கே தையலுக்கு ஒரு நூல் இடைவெளி விட்டு ஒரு வெட்டு. அந்த மூலைக்கு ராத்தா வைத்திருக்கும் பெயர் கமுக்கட்டு. "கமுக்கட்டுல வெட்டாட்டி நட்சத்திரம் கையத் தூக்காது தங்கச்சி." வெட்டாமல் புரட்டினால் அந்த இடம் சுருங்கி இழுக்கும். கூடுதலாக வெட்டினால் தையலே போய்விடும். நான் கூடுதலாக வெட்டினேன். மூன்றாவது கமுக்கட்டில் பொத்தல். ராத்தா ஒன்றும் சொல்லாமல் வாங்கி, அரை அங்குலம் உள்ளே தள்ளி மறுபடி ஓட்டினார். என் நட்சத்திரத்துக்கு ஒரு கை மட்டும் சூம்பிப்போனது. முனைகளை மழுங்கிய ஈர்க்கால் குத்தி வெளியே தள்ளி, பஞ்சை முதலில் முனைகளுக்குச் சிட்டிகை சிட்டிகையாக ஊட்டி, நடுவைக் கடைசியில் நிரப்பி, திறந்த வாயை உள்மறைவுத் தையலால் மூடினார் மகள். நடுவை முதலில் நிரப்பினால் முனைகளுக்குப் பஞ்சு போய்ச் சேராது. கடையில் விற்கும் நட்சத்திரங்களை இப்போது முனையில் அழுத்திப் பார்க்கிறேன். பெரும்பாலும் காற்றுத்தான்.

மத்தியானம் வங்காலையிலிருந்து ஒரு அக்கா வந்தார். கையில் வெள்ளைத் துணியில் பொதிந்த அம்மாவின் கூறைச் சேலை. அம்மா போன வருஷம் தவறிவிட்டார். பிள்ளைகள் ஐந்து பேர்; மூன்று பேர் வெளிநாடு, இரண்டு பேர் இங்கே. நத்தாருக்கு ஐந்து பேருக்கும் சேலையிலிருந்து ஒவ்வொரு குஷன் உறை. கடையில் வாங்கி அனுப்பி அலுத்துவிட்டது என்றார்.

ராத்தா உடனே கத்தரியைத் தொடவில்லை. சேலையை யன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடித்து, மடிப்பு விழுந்த இடங்களை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். பழைய பட்டு மடிப்பில்தான் கீறும். கீறிய இடங்களைச் சோக்கால் குறித்தார். அவ்விடங்களை ஒதுக்கித்தான் வெட்ட வேண்டும், பின்பக்கம் மெல்லிய பருத்திச் சீலை கொடுக்க வேண்டும், ஊசி 11ஆம் நம்பர், 14 போட்டால் ஓட்டை தெரியும். இதெல்லாம் சேலைக்காரிக்குச் சொன்னதா மகளுக்குச் சொன்னதா என்று தெரியவில்லை.

பிரச்சினை தலைப்பில் வந்தது. உடம்பில் ஐந்து உறைக்குத் துணி தாராளம். ஆனால் சரிகை நிறைந்த தலைப்பு ஒன்றுதான். அது யாருக்கு? மூத்த அண்ணனுக்கா, அம்மாவைக் கடைசிவரை பார்த்த தங்கச்சிக்கா? அக்கா கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். ராத்தா தலைப்பை நீளவாக்கில் ஐந்தாக மடித்துக் காட்டினார். ஒவ்வொரு உறையின் நடுவிலும் தலைப்பின் ஒரு பட்டி ஓடும். "ஒராளுக்கும் கூட இல்ல, குறைவும் இல்ல." அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, எப்ப தருவீங்க என்று கேட்டார்.

தேநீர் வந்தது. ராத்தா எங்கே தையல் படித்தார் என்று அப்போதுதான் கேட்டேன். கற்பிட்டி அகதி முகாமில். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது ராத்தாவுக்குப் பன்னிரண்டு வயது. உம்மாவின் கை மெசின் வீட்டோடு நின்றுவிட்டது. முகாமில் பெண்களுக்கு நடந்த வகுப்பில், ஒரு மெசினுக்கு எட்டுப் பேர் என்று முறைவைத்துப் படித்தார். யுத்தம் முடிந்து திரும்பியபோது ஊர் காடாகக் கிடந்தது. புத்தளத்தில் பாவித்த மெசின் ஒன்றை வாங்கி லொறியில் கொண்டுவந்தார். அதுதான் இந்தச் சிங்கர். அந்த நாட்களைப் பற்றி இதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

தையல்காரரின் காலண்டரைப் பற்றித்தான் சுவாரசியமாகப் பேசினார். நத்தார் அசையாது, டிசம்பர் 25. நோன்புப் பெருநாள் வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். 2000இல் பெருநாளும் நத்தாரும் ஒரே வாரத்தில் வந்தன. அப்போது புத்தளத்தில் ஒரு கடையில் வேலை, இரண்டு வாரம் சரியாக உறங்கவில்லையாம். திரும்பவும் அப்படி எப்போது வரும் என்று நான் கைபேசியில் கணக்குப் பார்த்தேன். 2033. பிறையைப் பொறுத்து டிசம்பர் 23 வாக்கில் பெருநாள். அதே வருஷம் சனவரி தொடக்கத்திலும் ஒரு பெருநாள். ராத்தா தலையில் கைவைத்தார். "ஒரு வருஷத்துல ரெண்டு பெருநா, ஒரு நத்தார். அதுக்குள்ள மகள் கொலர் வெட்டப் படிச்சிரணும்."

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு வந்த நத்தார் வேறு மாதிரி இருந்தது. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களில் இஸ்லாமியத் தீவிரவாதிகளின் குண்டு வெடித்த வருஷம். அந்த நவம்பரில் மெசினுக்கு எண்ணெய் விட்டுக் காத்திருந்ததாகச் சொன்னார். கடைசி வாரத்தில் கன்னியர் மடத்துச் சிஸ்டர் ஒருவர் வழக்கம்போல் அளவுச் சீட்டோடு வந்தார். பிறகு சிலர் வந்தார்கள். எல்லோரும் வரவில்லை. இரண்டு வீட்டார் இன்றுவரை வரவில்லை. அவர்கள் பெயரை ராத்தா சொல்லவில்லை. சொன்னது ஒன்றுதான்: அவர்கள் பிள்ளைகளின் அளவு இன்னும் கொப்பியில் இருக்கிறது, ஆனால் இனிப் பிரயோசனப்படாது, வளர்ந்திருப்பார்கள்.

பின்னேரம் தேவதூதர் சட்டைக்கு மணி கோத்தார்கள். பொட்டலத்தைக் கிழித்துத் தட்டில் கொட்டியதும் வெள்ளை உருண்டைகள் ஓடின. பிளாஸ்டிக் முத்து, கொழும்பிலிருந்து வந்தது. அந்த வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் கொண்டச்சிக் குடா. உலகம் முழுவதிலிருந்தும் வியாபாரிகள் முத்துக்கு வந்து கூடாரமடித்த கரை. தெற்கே மறிச்சுக்கட்டியில் 1906இல் பிரித்தானிய அதிகாரி லெனாட் வூல்ஃப் முத்துக்குளிப்பில் கடமை பார்த்தார். குளித்தெடுத்த சிப்பியைக் 'கொட்டு' என்ற அடைப்புக்குள் கொண்டுவந்து மூன்று குவியலாக்குவார்கள். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று குளித்தவனுக்கு. கொடுமை என்றுதான் நான் நினைத்து வந்தேன்.

இப்போது நட்சத்திரத்தின் கணக்கு. கொழும்பு வியாபாரி ஒருவர் மொத்தமாக எடுக்கிறார், ஒன்றுக்கு 90 ரூபா. துணி, நூல், பஞ்சு எல்லாம் ராத்தாவுடையது. போன நத்தாருக்குக் கொழும்பில் இதே வேலைப்பாட்டில் ஒரு நட்சத்திரம் 'கைவேலை' என்ற சீட்டோடு 400 ரூபாவுக்குத் தொங்கியதைப் பார்த்திருக்கிறேன். கால் பங்குகூட இல்லை. மூச்சடக்கி மூழ்கியவனுக்கே மூன்றில் ஒன்று கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து கேட்பவர்களும் 'வீட்டில் சும்மா இருக்கும்போது தைப்பதுதானே' என்று பேரம் பேசுகிறார்களாம். அந்த வீட்டில் அன்று முழுக்க நான் இருந்தேன். சும்மா இருந்தது நான் ஒருத்திதான்.

புறப்படும்போது என் சூம்பிய நட்சத்திரத்தைப் பழைய தாளில் சுற்றித் தந்தார். காசு வாங்கவில்லை. அக்காவின் குஷன் உறைகளுக்கு முற்பணமாக 2,000 ரூபா வாங்கி, கொப்பியில் எழுதி, கையெழுத்தும் வைத்துக் கொடுத்ததைப் பார்த்திருந்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது.

முசலிப் பக்கம் இப்படித் தைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. இந்த நத்தாருக்கு உறவுக்கோ சிநேகிதிக்கோ துணியில் ஏதாவது செய்து கொடுக்க நினைத்தால் வியாபாரியிடம் போகாமல் நேரே அந்த வீடுகளுக்குப் போங்கள். கடையில் கொடுக்கும் விலையைத் தையல்காரர் கையில் கொடுங்கள். பிள்ளைகளின் உடுப்பென்றால் இரண்டு விரல் கூட்டியே அளவு சொல்லுங்கள். நவம்பர் முடிவதற்குள் போய்விட வேண்டும். டிசம்பர் 15க்குப் பிறகு ராத்தா புதுவேலை எடுப்பதில்லை.