ஒரே ஒரு வாய்ப்பும் ஒரு பழைய ஜாய்ஸ்டிக்கும்

"வாடகைக்கே நன்கொடை கேட்டு அலைகிற படிப்பகத்தில் போர் விமான விளையாட்டு எதற்கு?" என்று தோழர்கள் சிலர் கேட்டார்கள். நேரில் கேட்டவர்களுக்கு டீக்கடையில் நின்றபடி அரைகுறையாகப் பதில் சொன்னோம். கேள்வி நியாயமானது என்பதால் இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறோம். சேரிகளிலும் காலனிகளிலும் படிப்பகம் நடத்தும் மாணவத் தோழர்கள் இதில் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் மாலைநேரப் படிப்பகம் வில்லாபுரத்தில் இருக்கிறது. குடிநீருக்காகப் போராடிய மாமன்ற உறுப்பினர் தோழர் லீலாவதி 1997 ஏப்ரல் 23 அன்று வெட்டிக் கொல்லப்பட்ட அதே வில்லாபுரம். இங்கிருந்து அவனியாபுரம் தாண்டிப் போனால் மதுரை விமான நிலையம். எங்கள் பிள்ளைகள் விமானச் சத்தத்தைக் கேட்டே வளர்கிறார்கள். ஆனால் விமான நிலையத்தோடு இந்தப் பக்கத்து மக்களுக்கு இருக்கும் உறவு என்ன? கழிப்பறை கழுவும் ஒப்பந்த வேலை, வாசலில் ஆட்டோ, அப்புறம் நிலம். விரிவாக்கத்துக்காக வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது, மாற்று இடம் கொடுக்காமல் போகமாட்டோம் என்று சின்ன உடைப்பு மக்கள் 2024 நவம்பரில் போராடியது உங்களுக்கு நினைவிருக்கும். ஓடுபாதைக்கு நாம் வேண்டும். விமானி உட்காரும் இடத்துக்கு நாம் தேவைப்படுவதில்லை.

விஷயம் தொடங்கியது ஒரு தம்பியிடமிருந்து. எங்கள் படிப்பகத்தில் படித்து, பட்டம் முடித்து, விமானப்படையின் ஏஎப்கேட் தேர்வு எழுதி, நேர்காணல் வாரியத்தின் ஐந்து நாள் சோதனைகளையும் கடந்தவன். அந்தச் சோதனைகளில் எத்தனை பேர் முதல் நாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்புகிறார்கள் என்பது போய் வந்தவர்களுக்குத் தெரியும். அதையெல்லாம் தாண்டியவன் கடைசியில் விமானித் திறன் தேர்வில் நின்றுவிட்டான். முன்பு பிஏபிடி என்றார்கள். இப்போது கணினிமயமாகி சிபிஎஸ்எஸ் என்ற பெயரில் நடக்கிறது. கருவிகளின் அளவுகளைப் படித்துப் புரிந்துகொள்வது ஒரு பகுதி. கையில் குச்சியும் காலில் பெடலும் வைத்துக்கொண்டு, திரையில் ஓடும் புள்ளியைக் கட்டத்துக்குள் பிடித்து நிறுத்துவது இன்னொரு பகுதி. பழைய முறையில், இடையிடையே விளக்கு எரியும், ஒலி எழும், அவற்றையும் அணைத்துக்கொண்டே புள்ளியைப் பிடிக்க வேண்டும். இந்தத் தேர்வில் வாழ்நாளில் ஒரே ஒரு வாய்ப்புதான். தவறியவர் விமானி பிரிவுக்கு மறுபடி விண்ணப்பிக்கவே முடியாது.

ஊருக்குத் திரும்பி வந்தபோது அவன் சொன்னது இதுதான்: "குச்சிய எவ்வளவு அசைச்சா புள்ளி எவ்வளவு போகும்னே எனக்குத் தெரியலண்ணே. அது புரிஞ்சப்ப நேரம் முடிஞ்சிருச்சு. பக்கத்துல இருந்த பையன் வீட்ல சின்ன வயசுலேருந்து ஜாய்ஸ்டிக் இருக்காம்."

பயிற்சியால் மாறாத இயல்பான திறனைத்தான் அளக்கிறோம் என்பது இந்த மாதிரித் தேர்வுகளின் அடிப்படை நம்பிக்கை. சமூகவியல் படித்த காலத்திலிருந்தே 'இயல்பான திறன்' என்ற சொல் காதில் விழுந்தால் எங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். யாருடைய வீட்டில் எது இயல்பு? சேற்றில் நாற்று நடும் கையை, செருப்புத் தைக்கும் கையை, சாக்கடை அள்ளும் கையை இந்தச் சமூகம் திறமையுள்ள கை என்று ஒருநாளும் சொன்னதில்லை. கையால் செய்யும் வேலையே இழிவு என்றது. அதே கை வேலை விமானத்திலும் அறுவை அரங்கிலும் நடக்கும்போது மட்டும் அது பிறவிக் கொடையாகிவிடுகிறது. ஆயுதப்படைகளில் பட்டியல் சாதியினருக்கு இடஒதுக்கீடு கிடையாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். அங்கே 'தகுதி' என்ற சொல் எந்தக் கேள்வியும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

சரி, சோதித்துப் பார்ப்போம் என்றுதான் ஒரு பழைய ஜாய்ஸ்டிக்கை வாங்கினோம். இலவசமாகக் கிடைக்கும் டிசிஎஸ் வேர்ல்ட் எங்கள் கணினிக்குத் தாங்காது. அதனால் 2001-இல் ரஷ்யாவில் உருவான இல்-2 ஸ்டர்மோவிக் வரிசையின் 1946 பதிப்பை எடுத்துக்கொண்டோம். இரண்டாம் உலகப் போர்க் கால விமானங்கள். படம் பழசு, ஆனால் விமானத்தின் இயற்பியலில் சமரசம் குறைவு. தப்பாக ஓட்டினால் விழும்.

பாலிடெக்னிக்கில் படிக்கும் ஒருவன் ஆர்டுயினோ லியோனார்டோ பலகை ஒன்றையும் ரேடியோவில் சத்தம் கூட்டிக் குறைக்கும் திருகு மாதிரியான பொட்டன்ஷியோமீட்டர்களையும் வைத்து, இடது கைக்குத் தனியாக ஒரு த்ராட்டில் செய்தான். காலுக்கு, நடுவில் போல்ட் போட்ட ஒரு மரப்பலகை, அதன் அடியில் இன்னொரு பொட்டன்ஷியோமீட்டர். ஆரம்பகால விமானங்களில் கால் கட்டுப்பாடு கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தது என்று தெரிந்தபோது அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னொன்றும் அவனுக்குச் சொன்னோம். விமானப் பயிற்சிக்கான முதல் பெரிய சிமுலேட்டரை 1929-இல் செய்த எட்வின் லிங்க், ஆர்கன் இசைக்கருவி செய்யும் குடும்பத்துப் பிள்ளை. அப்பாவின் பட்டறையில் இருந்த காற்றுத் துருத்திகளை வைத்தே அந்தப் பெட்டியை ஆட்டினார். பொம்மை என்று சிரித்தார்கள். 1934-இல் அமெரிக்க ராணுவ விமானிகள் மோசமான வானிலையில் தபால் கொண்டுபோய் வரிசையாகச் செத்த பிறகுதான் ராணுவம் அதை வாங்கியது.

இனி பழகிய கதை. முதல் வாரம் பதினொரு பேரும் ஒரே மாதிரி விழுந்தார்கள். குச்சியை எல்லோரும் முஷ்டியால் இறுக்கிப் பிடிக்கிறார்கள். மூக்கு கொஞ்சம் மேலே போனால் பதறி முன்னே தள்ளுகிறார்கள். கை அசைவதற்கும் விமானம் திரும்புவதற்கும் நடுவே ஒரு சிறு தாமதம் இருக்கிறது. அதற்குள் இன்னும் கொஞ்சம் தள்ளிவிடுகிறார்கள். மூக்கு கீழே பாய்கிறது, உடனே பின்னே இழுக்கிறார்கள், மேலே எகிறுகிறது. இப்படியே மேலும் கீழும் ஆடி ஆடித் தரையில் முடியும். விரல் நுனியால் பிடி, கொஞ்சம் அசை, காத்திரு, அப்புறம் அடுத்த அசைவு. இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். கைக்குப் புரிய எங்கள் நோட்டுக் கணக்கில் நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆனது.

த்ராட்டில் அடுத்த சங்கடம். நம் பிள்ளைகளுக்கு வேகம் என்றால் வலது கை முறுக்கு, டிவிஎஸ் பிஃப்டி பழக்கம். இங்கே இடது கை, முன்னால் தள்ள வேண்டும். பைக் மாதிரி ஒரேயடியாகக் கொடுத்தால், ப்ரொப்பல்லரின் சுழற்சி வேகத்தில் விமானம் ஓடுபாதையிலேயே பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு புல்லுக்குள் போகும். மெல்ல மெல்லத் தள்ள வேண்டும், எதிர்ப்பக்கக் காலால் தாங்க வேண்டும்.

மேலே ஏற வேண்டுமானால் குச்சியை இழு என்பது பாதி உண்மைதான். வேகம் இல்லாமல் இழுத்துக்கொண்டே போனால் இறக்கை காற்றைத் தாங்குவதை விட்டுவிடும். இதற்கு ஸ்டால் என்று பெயர். விழுகிற விமானத்தைக் காப்பாற்ற மூக்கை இன்னும் கீழே தள்ளி வேகத்தை மீட்க வேண்டும். தரை கண்ணுக்கு நேரே வரும்போது தரையைப் பார்த்தே தள்ளுவதற்கு நெஞ்சு வேண்டும் என்பார்கள். எங்கள் அனுபவத்தில் அதற்கு முப்பது நாற்பது தடவை விழுந்திருந்தால் போதும். இறங்கும்போது கணக்கு இன்னும் விநோதம்: குச்சியால் வேகத்தையும் த்ராட்டிலால் உயரத்தையும் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். இது பிடிபட்ட அன்று ஒரு கல்லூரித் தங்கை எழுந்து நின்று கைதட்டினாள்.

இரண்டு கைக்கும் இரண்டு விதமான வேலை என்பதில் ஒரே ஒரு தம்பி மட்டும் மற்றவர்களைவிட முந்திப் போனான். பறைக் குழுவில் அடிப்பவன். ஒரு கையில் குட்டையான தடித்த குச்சி, மறு கையில் நீண்ட மெல்லிய குச்சி, இரண்டுக்கும் வேறு வேறு அடி. "அதான் வருது" என்று யாரோ சொன்னபோது அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. எங்களுக்குப் புரிந்தது. அவன் பறையைத் தானே விரும்பி, மேடைக்காக, பதினேழு வயதில் கற்றுக்கொண்டவன். சாவுக்கு அடிக்கப் போகமாட்டேன் என்று ஊரில் சண்டை போட்ட குடும்பம். அவன் கையின் பழக்கத்தை ரத்தத்தின் குணம் என்று யாராவது மாற்றிச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அவனுக்கு. அன்று மாலை வகுப்பே அதைப் பற்றித்தான் போனது. மற்ற பத்துப் பேரும் அடுத்த மூன்று வாரத்தில் அவனை எட்டிப் பிடித்தார்கள் என்பதையும் நோட்டில் குறித்திருக்கிறோம். பதினொரு பேரின் நோட்டு ஆராய்ச்சி ஆகாது என்பது எங்களுக்குத் தெரியும், முதுகலையில் அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் முதல் நாளில் ஒரு நிமிடம்கூட நேராகப் பறக்க முடியாதவர்கள் இருபது மணி நேரத்துக்குப் பிறகு ஓடுபாதையில் இறக்குகிறார்கள் என்பதை எங்கள் கண்ணால் பார்த்தோம்.

அமெரிக்காவிலும் இதே கதைதான் நடந்தது. கறுப்பின வீரர்களுக்குப் போருக்கான அறிவும் துணிவும் போதாது என்று அமெரிக்க ராணுவப் போர்க் கல்லூரி 1925-இல் அறிக்கையே எழுதியது. அதற்கு நான்கு வருடம் முன்னால், 1921 ஜூன் 15 அன்று, பெஸ்ஸி கோல்மன் விமானி உரிமம் வாங்கியிருந்தார். சிகாகோவில் நகம் திருத்தும் வேலை பார்த்த கறுப்பினப் பெண். அமெரிக்கப் பள்ளிகள் எதுவும் சேர்க்காததால் பிரெஞ்சு படித்துக்கொண்டு பிரான்சுக்குப் போய்ப் பழகியவர். 1941-இல் டஸ்கிகீயில் கறுப்பின விமானிகளுக்குப் பயிற்சி தொடங்கியது. அங்கிருந்து ஏறக்குறைய ஆயிரம் விமானிகள் வந்தார்கள். கைகள் மாறவில்லை. அவற்றுக்கு விமானம் கிடைத்தது.

போர் பற்றிய கேள்விக்கு வருகிறோம். இதற்கு எங்களிடம் முழுமையான பதில் இல்லை, விவாதம்தான் இருக்கிறது. ராணுவம் நமக்கு எதற்கு என்று ஒரு தரப்பு. அண்ணல் அம்பேத்கரே ராணுவக் குடியிருப்பில் பிறந்தவர், அப்பா ராம்ஜி சுபேதார், வீர இனம் என்ற கதையைச் சொல்லி மகர்களுக்கு ராணுவக் கதவை அடைத்ததை எதிர்த்து அவர் வாதாடினார், 1941-இல் மகர் ரெஜிமென்ட் வந்தது என்று இன்னொரு தரப்பு. இரண்டு பக்கமும் குரல் உயரும்.

ஆனால் எங்களை நிறுத்தியது வேறொருவர். மதுரையைச் சுற்றியுள்ள ஈழத்தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றிலிருந்து கணக்குச் சொல்லிக்கொடுக்க வரும் அக்கா ஒருவர், ஒருநாள் தாழப் பறக்கும் சத்தம் கணினியில் கேட்டதும் சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "கிபிர் வந்தா நாங்க பங்கருக்குள்ள ஓடுவம் தம்பி. மேல இருக்கிறவனுக்கு நாங்க புள்ளிதான்" என்றார். அன்றிலிருந்து ஒலிபெருக்கி கிடையாது, ஹெட்போன் மட்டும்தான். எதிரி விமானமும் குண்டும் இல்லாத பயணங்கள்தான். ஏறுவது, திரும்புவது, இன்னொரு விமானத்தோடு ஒட்டிப் பறப்பது, இறங்குவது. இதனால் விளையாட்டின் ருசி குறைகிறது என்று சின்னவர்கள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும். அந்த அக்காவும் வகுப்புக்கு வருவதை நிறுத்தவில்லை. எடைக்கும் இறக்கைப் பரப்புக்கும் உள்ள கணக்கை இப்போது அவர்தான் பலகையில் போட்டுக் காட்டுகிறார்.

படிப்பகம் நடத்துகிறவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். பழைய ஜாய்ஸ்டிக் வாங்கினால், கையை எடுத்த பிறகும் குறி நடுங்குகிறதா என்று பாருங்கள். உள்ளே தேய்ந்திருந்தால் நடுங்கும். மென்பொருளில் டெட் ஸோன் என்ற அமைப்பைக் கொஞ்சம் கூட்டினால் சமாளிக்கலாம், ரொம்பக் கூட்டினால் கை மரத்துப்போன மாதிரி ஆகிவிடும். கணினி ரொம்பப் பழசாக இருந்தால் ஃப்ளைட்கியர் மென்பொருளின் பழைய பதிப்புகள் இலவசம். ஆளுக்கு ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் கொடுக்காதீர்கள், இருபது நிமிடம் போதும். பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவரும் பழகுகிறார்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் இன்னொரு வாசல் இருக்கிறது. ஏஎப்கேட் வழியாக விமானி பிரிவுக்குப் போக வேண்டுமானால் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். நம் பிள்ளைகளில் பலர் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையின்போதே வேறு குரூப்புக்குத் தள்ளப்படுகிறார்கள். பெண்கள் போர் விமானிகளாக 2016 ஜூனிலேயே பணியில் சேர்ந்துவிட்டார்கள். தஞ்சாவூரில் சுகோய் அணி 2020-இலிருந்து இருக்கிறது. ஆனால் அங்கே போகிற வழி பள்ளிக்கூட அலுவலக மேசையில் நிரப்புகிற ஒரு படிவத்தில் மூடிவிடுகிறது.

எங்கள் குச்சியில் பழகிய பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கும் அப்படித்தான் நடந்தது. மதிப்பெண் இருந்தும், "உனக்கு இதெல்லாம் கஷ்டம்மா, தொழிற்கல்வி எடுத்துக்க" என்று பள்ளியில் சொன்னார்கள். அவள் அம்மாவும் எங்களில் இருவரும் இரண்டு தடவை போய் உட்கார்ந்தோம். மூன்றாவது தடவை போனபோது சேர்க்கைப் படிவத்தைத் திருத்திக் கொடுத்தார்கள். இப்போது இயற்பியல் சிறப்பு வகுப்பு இருப்பதால் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும்தான் குச்சி. அந்த நேரத்தை மற்றவர்கள் யாரும் எடுத்துக்கொள்வதில்லை. விமானித் திறன் தேர்வில் தோற்று வந்த அந்தத் தம்பிதான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறான்.